பூஜ்யம் எங்கிருந்து வந்தது?

ஹோம் தியேட்டர் ரிசீவரை முதன்முதலில் இயக்குபவரைக் குழப்புவது அதன் ஒலி அளவு எண்கள். டிவியில் பூஜ்யம் என்றால் சத்தமே இல்லை. எண் ஏற ஏறச் சத்தமும் ஏறும். பல ரிசீவர்களிலோ மைனஸ் 50, மைனஸ் 35, மைனஸ் 22 என்று கழித்தல் குறியோடு எண்கள் ஓடுகின்றன. மைனஸ் 10-ஐத் தாண்டினால் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. பூஜ்யம் வரை ஏற்றிவைத்து முழுப் படமும் பார்த்த வீடுகள் அரிது. அந்தப் பூஜ்யத்தை அங்கே வைத்தது யார்? மெனுவுக்குள் போனால் குழப்பம் இன்னும் கூடும்: ஸ்பீக்கர் பெரியதா சிறியதா, எத்தனை அடி தூரத்தில் இருக்கிறது, எத்தனை ஹெர்ட்ஸில் வெட்டுவது, ஒவ்வொன்றுக்கும் எத்தனை டெசிபல் கூட்டல் கழித்தல். 'அவரவர் ரசனைக்கு மாற்றிக்கொள்ளக் கொடுத்திருக்கிறார்கள்' என்பதுதான் கடைக்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் விளக்கம். வரலாற்றைப் பார்த்தால் அது பாதிதான் சரி. ரிசீவரின் மெனுவில் இரண்டு வெவ்வேறு குடும்பங்கள் ஒரே கூரையின் கீழ் குடியிருக்கின்றன. ஒரு குடும்பம் 'உனக்கு எப்படிப் பிடிக்கும்?' என்று கேட்கிறது. இன்னொன்று 'உன் அறையில் என்ன இருக்கிறது?' என்று கேட்கிறது. இரண்டாவது கேள்விக்கும் ரசனையைக் கொண்டு பதில் சொல்வதால்தான் பெரும்பாலான வீடுகளில் வசனம் முனகுகிறது, சப்வூஃபர் மட்டும் முழங்குகிறது.

முதல் குடும்பத்தின் பூர்வீகம் வானொலிப் பெட்டியும் இசைத்தட்டுக் கருவியும். 1933-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஹார்வி ஃப்ளெட்சரும் வில்டன் மன்சனும் மனிதக் காதைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சத்தம் குறையும்போது காது எல்லா அதிர்வெண்களையும் ஒரே விகிதத்தில் இழப்பதில்லை, தாழ்ந்தவற்றை முன்னதாக இழக்கிறது என்பது அதன் சாரம். மெல்ல வைத்துக் கச்சேரி கேட்டால் மிருதங்கத்தின் தொப்பி ஒலி முதலில் மறையும். வயலின் அதற்குப் பிறகும் கேட்டுக்கொண்டிருக்கும். இதை ஈடுகட்டத்தான் ஆம்ப்ளிஃபயர்களில் 'லவுட்னஸ்' பொத்தான் வந்தது. அளவைக் குறைக்கும்போது பேஸை அது தூக்கிக் கொடுக்கும். ஆனால் அதில் ஓர் அடிப்படைக் குறை இருந்தது. திருகு எந்த இடத்தில் நிற்கிறது என்பது ஆம்ப்ளிஃபயருக்குத் தெரியும். அறையில் உண்மையில் எத்தனை டெசிபல் கேட்கிறது என்பது தெரியாது. ஸ்பீக்கர் மாறினால், அறை மாறினால், அதே திருகு நிலை வேறொரு சத்தத்தைத் தரும். எனவே லவுட்னஸ் பொத்தான் கடைசிவரை ஊகமாகவே இருந்தது. பேஸ், ட்ரெபிள் திருகுகளுக்கு நல்ல வடிவம் கிடைத்தது 1952-இல். பீட்டர் பாக்ஸண்டால் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 'வயர்லெஸ் வேர்ல்ட்' பத்திரிகையில் ஒரு மின்சுற்றை வெளியிட்டார். அந்தச் சுற்றோ அதன் மாற்று வடிவமோ இல்லாத ஆம்ப்ளிஃபயரைப் பிறகு தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. சென்னை ரிச்சி தெருவில் 4440 ஐசி போர்டு வைத்துக் கட்டித்தரும் ஆம்ப்ளிஃபயர் வரை அந்த வம்சம் நீண்டிருக்கிறது. நம் ஊரில் 'செட்டிங்' என்றாலே பேஸைத் திருகுவது என்று ஆனதற்கு இந்த வம்சமே காரணம்.

இரண்டாவது குடும்பம் சினிமாக் கொட்டகையிலிருந்து வந்தது. அங்கே ரசிகர் கையில் திருகே கிடையாது என்பதை முதலில் கவனிக்க வேண்டும். ஒலிக்கலவைக் கலைஞர் ஓர் அறையில் உட்கார்ந்து முடிவெடுக்கிறார். அது ஆயிரம் அரங்குகளில் ஒலிக்கிறது. அரங்குக்கு அரங்கு ஒலி மாறினால் அவர் முடிவுக்குப் பொருளில்லை. 1938-இல் அமெரிக்கத் திரைப்பட அகாடமி இதற்கென ஒரு வளைவை நிர்ணயித்தது. படச்சுருளின் ஓரத்தில் ஒளிவடிவில் பதிந்த ஒலித்தடத்தில் இரைச்சல் அதிகம் என்பதால், மேல் அதிர்வெண்களை அரங்கிலேயே வெட்டிவிடுவது என்று முடிவானது. 8,000 ஹெர்ட்ஸில் 18 டெசிபல் வீழ்ச்சி. அதாவது அந்த உயரத்தில் ஒலி வெகுவாக மங்கிவிடும். கலவைக் கலைஞர்கள் சும்மா இருக்கவில்லை. அரங்கில் போகப்போகும் மேல் ஒலியை முன்கூட்டியே ஏற்றிப் பதிந்தார்கள். ஏற்றியதால் ஒலி சிதைந்தது. கரகரப்பை மறைக்கப் போட்ட திட்டம் புதிய கரகரப்பை உண்டாக்கி, ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் உலக சினிமாவை ஆண்டது. ஆனாலும் அந்த வளைவு ஒரு கொள்கையை நிலைநாட்டிவிட்டது: பதிவு செய்யும் இடமும் கேட்கும் இடமும் ஒரே ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட வேண்டும்.

அந்த ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதியவர்கள் டால்பி ஆய்வகத்தார். ரே டால்பி 1963 முதல் 1965 வரை ஐக்கிய நாடுகள் சபையின் ஆலோசகராக இந்தியாவில், சண்டிகரின் மத்திய அறிவியல் கருவிகள் நிறுவனத்தில் பணியாற்றியவர். இங்கிருந்து லண்டன் சென்று 1965-இல் தன் நிறுவனத்தைத் தொடங்கினார். இரைச்சலைக் குறைத்ததுதான் அவர் சாதனை என்று பொதுவாகச் சொல்வார்கள். சினிமாவைப் பொறுத்தவரை அது முதல் படி மட்டுமே. படச்சுருளில் இரைச்சலைக் குறைத்த பிறகும் அரங்கில் படம் மந்தமாகவே ஒலித்தது, ஏனென்றால் அரங்குகள் இன்னும் 1938-இன் வளைவில் நின்றன. 1970களின் தொடக்கத்தில் டால்பியின் அயோன் ஆலன், இங்கிலாந்தின் எல்ஸ்ட்ரீ ஸ்டூடியோ அரங்கில் ஒரு சோதனை செய்தார். சில அடி தூரத்தில் தரமான வீட்டு ஸ்பீக்கரை வைத்து, திரைக்குப் பின்னால் தொலைவில் இருக்கும் பெரிய அரங்க ஸ்பீக்கரின் ஒலி அதோடு ஒத்துப்போகும்வரை சரிசெய்தார்கள். இரண்டும் ஒன்றுபோலக் காதுக்குப் பட்ட நிலையில் அளந்து பார்த்தால், தொலைவில் இருந்த ஸ்பீக்கரின் மேல் அதிர்வெண்கள் மைக்ரோஃபோன் கணக்கில் சற்றுச் சரிந்திருந்தன. 2,000 ஹெர்ட்ஸ் வரை சமதளம், அதற்கு மேல் ஒவ்வோர் எட்டாம் சுரத்துக்கும் 3 டெசிபல் இறக்கம் என்ற வளைவு அங்கிருந்துதான் பிறந்தது. எக்ஸ் வளைவு என்று பெயர். பின்னர் அது சர்வதேசத் தரமாகவே ஆனது. ஓர் அரங்கில், ஒரு ஜோடி ஒப்பீட்டில் கிடைத்த முடிவை உலகம் முழுவதற்கும் பொருத்தியது சரியா என்று பிற்கால ஒலியியலாளர்கள் கேட்டார்கள், நியாயமான கேள்விதான். அதற்குப் பிறகு வருகிறேன்.

வளைவோடு அளவும் வந்தது. பிங்க் நாய்ஸ் எனும் சோதனை இரைச்சலை ஓட்டி, பார்வையாளர் இருக்கைப் பகுதியில் மைக்ரோஃபோன் வைத்து, திரைக்குப் பின்னுள்ள ஒவ்வொரு ஸ்பீக்கரும் 85 டெசிபல் தருமாறு திருப்பி வைப்பது வழக்கமானது. கலவை அறையிலும் அதே 85. டால்பியின் அரங்குக் கருவியில் அந்த நிலைக்கு 7 என்று எண்ணிட்டார்கள். கலவை அறையில் ஒருவர் கிசுகிசுப்பை எந்த அளவில் வைத்தாரோ அதே அளவில் வெளியூர் அரங்கிலும் கேட்கும் என்ற உறுதி அப்போதுதான் பிறந்தது. 1977-இல் 'ஸ்டார் வார்ஸ்' வெளியானபோது மக்கள் வியந்தது வெறும் சத்தத்தைக் கண்டு என்று எழுதிவிடலாம். அந்த வியப்புக்குப் பின்னால் மைக்ரோஃபோனும் அளவுகருவியுமாக அரங்கு அரங்காகச் சுற்றிய பொறியாளர்கள் இருந்தார்கள். 1983-இல் டாம்லின்சன் ஹோல்மன் லூகாஸ்ஃபிலிமுக்காக உருவாக்கிய டிஎச்எக்ஸ் என்ற அரங்குத் தரச்சான்று இந்த ஒழுங்கை இன்னும் இறுக்கியது. ரிசீவரின் பூஜ்யம் அந்த 85-இன் வீட்டுப் பெயர். டிஜிட்டல் ஒலியில் 85 என்பது சராசரிக்கான குறி. ஒரு சானலின் உச்சம் 105 டெசிபல் வரை போகலாம், தாழ் ஒலிச் சானலின் உச்சம் 115 வரை. ஜன்னல் அதிர்வதில் வியப்பில்லை. மைனஸ் 20 என்றால் 'கலவைக் கலைஞர் கேட்டதைவிட 20 டெசிபல் குறைவாகக் கேட்கிறேன்' என்று பொருள்.

ஒழுங்கை வீட்டுக்குக் கொண்டுவரும்போதுதான் சிக்கல் தொடங்கியது. 1982-இல் வீட்டு டால்பி சர்ரவுண்டும் 1987-இல் டால்பி புரோ லாஜிக்கும் வந்தன. வீடியோ கேசட்டின் இரண்டு தடங்களுக்குள் மடித்து வைத்திருந்த நான்கு சானல்களையும் விரித்தெடுக்கும் கருவி புரோ லாஜிக். விரித்தெடுத்தால் போதுமா? அரங்கில் நடு ஸ்பீக்கர் திரைக்குப் பின்னால் பெரிதாக நிற்கும். வீட்டில் அது டிவியின் தலைமேல் உட்காரும் சிறு பெட்டி. சில வீடுகளில் அதுவும் இல்லை. எனவே புரோ லாஜிக் கருவி உரிமையாளரிடம் கேட்டது: நார்மலா, வைடா, ஃபாண்டமா? நார்மல் என்றால் நடு ஸ்பீக்கர் சிறியது, அதன் பேஸை இடவலப் பெட்டிகளுக்கு அனுப்பு. வைட் என்றால் அது முழு ஒலியையும் தாங்கும். ஃபாண்டம் என்றால் நடு ஸ்பீக்கரே இல்லை, இரண்டு பக்கமும் சமமாகப் பங்கிடு. இன்றைய 'லார்ஜ்', 'ஸ்மால்', 'நன்' என்ற மூன்று தேர்வுகளின் முன்னோர் இவையே. ரசனைக்கு இங்கே வேலையே இல்லை. வீட்டு நிலவரத்தைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். பின் ஸ்பீக்கருக்கு 15, 20, 30 மில்லிவினாடித் தாமதம் வைக்கச் சொன்னதும் அப்படியே. புரோ லாஜிக் எவ்வளவு முயன்றாலும் வசனத்தில் கொஞ்சம் பின்பக்கம் கசியும். ஒரே ஒலி இரண்டு இடத்திலிருந்து வந்தால் காது முதலில் வந்த திசையைத்தான் நம்பும் என்று ஹெல்முட் ஹாஸ் 1949-இல் கட்டிங்கன் பல்கலைக்கழக ஆய்வேட்டில் காட்டியிருந்தார். பின்னால் இருப்பதைத் தாமதப்படுத்தினால் கசிவு இருந்தும் வசனம் திரையிலேயே நிற்கும். ஸ்பீக்கர்களை ஒவ்வொன்றாகச் சுற்றிவரும் 'ஷ்ஷ்ஷ்' என்ற சோதனை இரைச்சலும் இந்தக் கருவிகளோடு வீட்டுக்குள் வந்தது. அரங்குப் பொறியாளரின் பை பிரிக்கப்பட்டு, உள்ளிருந்த சாமான்கள் ஒவ்வொன்றாக உரிமையாளர் கையில் கொடுக்கப்பட்டன.

எல்ஸ்ட்ரீ வளைவு வீட்டுக்கு வந்த கதைதான் இவற்றில் ருசிகரமானது. அரங்கின் சரிவை மனதில் வைத்து ஒலி கலந்தவர்கள் மேல் அதிர்வெண்களைத் தாராளமாகவே பதிந்தார்கள். அதே தடம் கேசட்டிலும் லேசர் டிஸ்க்கிலும் ஏறியது. வீட்டு ஸ்பீக்கரோ சரிவில்லாதது, அருகிலேயே இருப்பது. விளைவு: 's' ஒலிகள் சீறின, கண்ணாடி உடைந்தால் காது கூசியது. 1990 வாக்கில் வந்த வீட்டு டிஎச்எக்ஸ் இதற்கு ஒரு திருத்தத்தைச் சேர்த்தது. மேல் ஒலியைக் கொஞ்சம் தணிக்கும் சமன்பாடு அது. பின்னாளில் சில ரிசீவர்களில் 'சினிமா ஈக்யூ' என்றும் வேறு சிலவற்றில் 'ரீ-ஈக்யூ' என்றும் அந்தப் பொத்தான் உட்கார்ந்தது. மெனுவில் இதைப் பார்ப்பவர் 'சினிமா' என்ற சொல்லைக் கண்டு, அமுக்கினால் தியேட்டர் எஃபெக்ட் வரும் என்று நினைத்துக்கொள்கிறார். உண்மையில் அது தியேட்டருக்காகச் செய்த ஒரு சலுகையை வீட்டில் திரும்பப் பெறுகிறது. எல்ஸ்ட்ரீயில் எடுத்த ஓர் அளவீடு உலகெங்கும் வரவேற்பறைகளில் ஒரு பொத்தானாக மிஞ்சியிருக்கிறது. வீட்டுக்கென்றே தனியாகக் கலந்த டிஸ்க்குகளுக்கு அந்தத் திருத்தமும் தேவையில்லை. அதைப் பெட்டியால் தெரிந்துகொள்ள முடியாது. வீட்டு டிஎச்எக்ஸ் நிலைநிறுத்திய இன்னொன்று 80 ஹெர்ட்ஸ் என்ற வெட்டுப்புள்ளி. அதற்குக் கீழே ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதால் எளிதில் பிரிக்க முடியாது. எனவே அந்தப் பங்கைச் சப்வூஃபருக்குக் கொடுத்துவிட்டு மற்ற ஸ்பீக்கர்களை இலகுவாக்கலாம். இன்று கிட்டத்தட்ட எல்லா ரிசீவர்களும் பரிந்துரைக்கும் எண் இதுதான்.

சப்வூஃபர் சானலுக்கும் ஒரு பரம்பரை உண்டு. 'ஸ்டார் வார்ஸ்' 70 மி.மீ. பிரதிகளில் திரைக்குப் பின்னிருந்த ஐந்து ஸ்பீக்கர்களில் இரண்டைத் தாழ் ஒலிக்கு ஒதுக்கினார்கள். அந்த ஏற்பாட்டுக்கு 'பேபி பூம்' என்று செல்லப்பெயர். 1992-இல் டால்பி டிஜிட்டல் 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' படத்தோடு அரங்குக்கு வந்தபோது அது 5.1-இன் கடைசிப் புள்ளி ஒன்றாக மாறியது. 1995-இல் லேசர் டிஸ்க்கிலும், 1996-இன் இறுதியில் ஜப்பானிலும் 1997-இல் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்த டிவிடியிலும் அது வீடு சேர்ந்தது. அந்தச் சானல் மற்றவற்றைவிட 10 டெசிபல் உரத்து ஒலிக்க வேண்டும் என்பது பதிவின் விதி. ரிசீவரே அதைக் கூட்டிக்கொள்கிறது. இது தெரியாமல் சப்வூஃபரின் முதுகிலுள்ள திருகையும் மெனுவின் அளவையும் மேலும் ஏற்றுபவர்கள் பலர். 'இடி இடிக்கிறது' என்று மகிழ்ந்த மறுவாரமே 'பேச்சு புரியவில்லை' என்று புகார் சொல்வதும் அவர்களே.

டிஜிட்டல் காலத்தின் நுட்பமான ஏற்பாடு கண்ணுக்குத் தெரியாதது. டால்பி டிஜிட்டல் ஒலித்தடத்தோடு கூடவே இரண்டு குறிப்புகள் பயணிக்கின்றன. ஒன்று, இந்தப் படத்தில் வசனத்தின் சராசரி அளவு எவ்வளவு என்பது. மைனஸ் 1 முதல் மைனஸ் 31 வரை ஓர் எண். அதை வைத்து ரிசீவர் எல்லாப் படங்களின் வசனத்தையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர முயல்கிறது. படம் தொடங்கும்போது திரையில் 'டயலாக் நார்ம்' என்று ஓர் எண் மின்னி மறைவது இதுதான். இன்னொன்று, உரத்த இடங்களை எவ்வளவு அமுக்கலாம், மெலிந்த இடங்களை எவ்வளவு உயர்த்தலாம் என்ற குறிப்பு. 'நைட் மோட்', 'மிட்நைட்', 'டைனமிக் ரேஞ்ச்' என்று ரிசீவர்கள் அழைப்பது இதன் கதவு. தூய்மைவாதிகளுக்கு இந்தக் கதவைப் பிடிக்காது. ஆனால் இது கடைக்காரரோ பயன்படுத்துபவரோ பிறகு ஒட்டவைத்த பூச்சு இல்லை. வடிவமைப்பின்போதே தடத்துக்குள் வைத்தது. அரங்கின் ஒழுங்கை உருவாக்கிய அதே நிறுவனம், வீட்டில் அந்த ஒழுங்கு முழுதாகச் செல்லுபடியாகாது என்று எழுத்தில் ஒப்புக்கொண்ட இடம் இது.

இப்போது எதிர்வாதங்கள். முதலாவது எளிமையானது: பணம் கொடுத்து வாங்கியவர் நான், கேட்பவர் நான், எனக்குப் பிடித்தபடி வைத்தால் என்ன தவறு? தவறே இல்லை. ரசனையை மறுப்பது என் வாதம் அன்று. அதற்கு ஒரு வரிசை இருக்கிறது என்பதே வாதம். தம்புராவைச் சுருதி சேர்த்த பிறகு பாடகர் எந்த ராகத்தையும் எடுக்கலாம்; சேராத தம்புராவோடு எடுத்தால் ராகத்தையே குறை சொல்ல நேரும். பின் ஸ்பீக்கர் நான்கு அடியில், முன் ஸ்பீக்கர் பத்து அடியில் இருக்க, இரண்டுக்கும் ஒரே தூரம் பதிந்திருந்தால், பின் ஒலி ஏறக்குறைய 5 மில்லிவினாடி முந்தி வரும். காற்றில் ஒலி ஒரு மில்லிவினாடிக்கு 34 சென்டிமீட்டர்தான் போகிறது. அந்த முந்தலால் குலைந்த ஒலிச்சித்திரத்தைச் சரிசெய்ய ட்ரெபிளைத் திருகுபவர், தவறான கேள்விக்குச் சரியான பதில் தேடுகிறார். 1986-இல் யமஹா வெளியிட்ட டிஎஸ்பி-1 தொடங்கிய இன்னொரு வழக்கமும் இந்தக் குழப்பத்துக்கு உரம் போட்டது. புகழ்பெற்ற அரங்குகளில் எதிரொலியை அளந்து, அதைப் போலவே வீட்டில் முழங்கச் செய்யும் கருவி அது. நோக்கில் தவறில்லை, பொறியியலாக அது அழகான வேலை. ஆனால் அதன் வாரிசுகளாக 'ஹால்', 'ஸ்டேடியம்', 'ராக்' என்ற முகமூடிகள் மலிவான பெட்டிகள்வரை பரவி, செட்டிங் என்பது வேடம் மாற்றுவது என்ற எண்ணத்தை மக்களிடம் விதைத்துவிட்டன.

இரண்டாவது எதிர்வாதம் வலுவானது: மைக்ரோஃபோனைச் சோபாவில் வைத்து ஒரு பொத்தானை அமுக்கினால் ரிசீவரே எல்லாவற்றையும் அளந்துகொள்கிறதே, பிறகு இந்த வரலாறு எதற்கு? பயனியரின் எம்சிஏசிசி, யமஹாவின் ஒய்பிஏஓ, தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழக ஆய்விலிருந்து 2002-இல் கிளைத்த ஆடிஸ்ஸி, ஸ்வீடனின் டிராக் எனப் புத்தாயிரத்தின் தொடக்கத்தில் இவை வரிசையாக வந்தன. ஆடிஸ்ஸியைத் தொடங்கியவர்களில் டிஎச்எக்ஸின் ஹோல்மனும் ஒருவர் என்பது தற்செயலானதாகத் தெரியவில்லை. அரங்குப் பொறியாளரின் வேலையை வீட்டுக்குக் கொடுக்க முயன்று, உரிமையாளர்கள் அதைச் செய்யவில்லை என்று கண்டபிறகு, பெட்டிக்குள்ளேயே ஒரு பொறியாளரை வைத்தார்கள். இதன் பெரிய வெற்றியைச் சொல்லியாக வேண்டும். அளந்தபின், மைனஸ் 25-இல் அறையில் எவ்வளவு சத்தம் என்பது ரிசீவருக்குத் தெரியும். எனவே 2000களின் இறுதியில் ஆடிஸ்ஸி 'டைனமிக் ஈக்யூ' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவர முடிந்தது: பூஜ்யத்திலிருந்து எவ்வளவு இறங்கியிருக்கிறீர்களோ, அதற்குத் தக்க அளவு பேஸை ஈடுகட்டும். ஃப்ளெட்சர், மன்சன் ஆய்வை நம்பி வந்த பழைய லவுட்னஸ் பொத்தான் எதை அறியாமல் ஊகித்ததோ, அதை இது அறிந்து செய்கிறது. இரண்டு குடும்பங்களும் முதன்முதலாகச் சம்பந்தம் செய்துகொண்ட இடம் இது. அளவீடு முந்தி, ரசனை பிந்தி என்ற வரிசைக்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

ஆனாலும் அந்தப் பெட்டிப் பொறியாளர் முழு அதிகாரி ஆகமாட்டார். கனடாவின் தேசிய ஆய்வு மன்றத்திலும் பிறகு ஹார்மன் நிறுவனத்திலும் பல பத்தாண்டுகள் ஆராய்ந்த ஃபிலாய்ட் டூல், ஓர் எல்லைக்கோட்டைத் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டுகிறார். சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே அறைதான் ராஜா. 4 மீட்டர் நீள அறையில் 43 ஹெர்ட்ஸ் அருகே ஒலி குவியும், அதைத் திருத்த அளவீடு அவசியம். அதற்கு மேலே ஸ்பீக்கரின் குணம்தான் முக்கியம். மைக்ரோஃபோன் நேரொலியையும் எதிரொலியையும் சேர்த்தே அள்ளுகிறது, காதோ இரண்டையும் பிரித்தறிகிறது. எனவே நல்ல ஸ்பீக்கரின் மேல் ஒலியைத் தானியங்கித் திருத்தம் கெடுக்கவும் கூடும். போதாததற்கு, பல ரிசீவர்கள் சிறிய டவர் ஸ்பீக்கரைக்கூட 'லார்ஜ்' என்று பதிந்துவிட்டு, சப்வூஃபரைப் பாதி வேலையில்லாமல் விட்டுவிடும். மறுபக்கம், சப்வூஃபர் இருப்பதைவிட ஐந்தாறு அடி அதிகத் தூரத்தில் இருப்பதாக ரிசீவர் சொன்னால் அதைத் திருத்தத் தோன்றும், திருத்தக் கூடாது. சப்வூஃபரின் உள் மின்சுற்றே ஒலியைத் தாமதப்படுத்துகிறது, அந்தத் தாமதத்தைத்தான் ரிசீவர் தூரமாக மொழிபெயர்த்திருக்கிறது. எது பிழை, எது சரி என்று பிரிக்க, அந்த எண்ணை எதற்காகக் கேட்டார்கள் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது எதிர்வாதம் வேரையே வெட்டுவது: அரங்கின் தரமே கேள்விக்குரியது என்றால், அதற்கு வீட்டை ஏன் பணியவைக்க வேண்டும்? எக்ஸ் வளைவின் அடித்தளம் குறுகியது என்பதை டூல் போன்றவர்கள் காட்டிவிட்டார்கள். விளம்பரமும் டிரெய்லரும் காதைப் பிளந்ததால் பார்வையாளர்கள் முறையிட, பல அரங்குகள் 7-ஐ விட்டு 5-க்கு இறங்கின. அது ஏறத்தாழ 7 டெசிபல் வீழ்ச்சி. அரங்குகள் குறைக்கின்றன என்று தெரிந்து கலவை அறையில் ஏற்ற, அரங்குகள் மேலும் குறைத்தன. ஸ்ட்ரீமிங் தளங்களுக்குத் தனிக் கணக்கு. நெட்ஃபிளிக்ஸ் வசனத்தை மைனஸ் 27 என்ற மட்டத்தில் கேட்கிறது. 'டெனட்' படத்தின் வசனம் புரியவில்லை என்று 2020-இல் உலகமே பேசியது; எந்த ரிசீவரின் செட்டிங்கும் அதைச் சரிசெய்திருக்காது. இவை அனைத்தும் உண்மை. ஆனால் இவற்றிலிருந்து 'அளவீடு வீண்' என்ற முடிவு வராது. ஸ்பீக்கர்கள் தமக்குள் சம அளவில், சம காலத்தில் ஒலிப்பது எந்த வளைவையும் நம்பியில்லை. தளர்ந்தது ஒப்பந்தத்தின் உச்ச எண்தான், உறவுகள் தளரவில்லை. வீட்டு வெளியீடுகளுக்காகச் சிறிய அறையில், 79 முதல் 82 டெசிபலில் தனிக் கலவை செய்வது பரவியிருப்பதும், ஒப்பந்தம் கைவிடப்படாமல் வீட்டை நோக்கி நகர்ந்துவருவதையே காட்டுகிறது.

நம் வீடுகள் இந்த வரலாற்றில் யாரும் எண்ணிப் பார்க்காத அறைகள். எல்ஸ்ட்ரீயிலோ கலிஃபோர்னியாவிலோ யோசித்தவர்கள் கம்பளம் விரித்த தரையையும் சாய்விருக்கைகளையும் மனதில் வைத்தார்கள். தமிழ்நாட்டு ஹாலில் தரை டைல்ஸோ கிரானைட்டோ, சுவர் சுண்ணாம்புப் பூச்சு, ஒரு பக்கம் சாப்பாட்டு அறைக்குத் திறந்திருக்கும், மேலே மின்விசிறி ஓடும். மேல் ஒலி சுவருக்குச் சுவர் மோதிப் பளபளக்கும், கீழ் ஒலி திறந்த பக்கமாக ஓடிவிடும், கிசுகிசுப்பை விசிறி விழுங்கும். 2012-இல் 'சிவாஜி' 3டி வடிவம், கூரையிலிருந்தும் ஒலி வரும் டால்பி அட்மாஸில் வந்தபோது தமிழ் சினிமா உலகின் முன்வரிசையில் இருந்தது. இரண்டே ஆண்டுகளில் அட்மாஸ் வீட்டு ரிசீவருக்கும் வந்துவிட்டது. ஒலி கூரைக்கு ஏறியது, தரையிலோ ஒரு ஜமுக்காளம்கூட விரிக்கவில்லை. இத்தகைய அறையில் இரவு பத்து மணிக்கு நைட் மோட் போடுவதையும் நடு ஸ்பீக்கரை இரண்டு மூன்று டெசிபல் ஏற்றுவதையும் குறையாக நினைக்க வேண்டியதில்லை. ஆனால் அவை கடைசியில் வரட்டும். முதலில் ஒரு டேப்பை எடுத்துத் தூரங்களைச் சரிபாருங்கள், ஸ்பீக்கர்களை 'ஸ்மால்' ஆக்கி 80 ஹெர்ட்ஸில் வெட்டுங்கள், சோதனை இரைச்சலை ஓட்டி ஒவ்வொரு ஸ்பீக்கரும் இருக்கையில் ஒரே அளவு தருகிறதா என்று பாருங்கள். ஒப்பிடுவதற்குக் கைபேசியின் ஒலிமானிச் செயலி போதும். அதுவரை பேஸ், ட்ரெபிள் இரண்டையும் நடுவிலேயே விட்டுவையுங்கள்.